ஏறும் ராக்கெட்டின் உள்ளறைக் காற்றை வெளியேற்றுவது எப்படி: வென்ட் துளைகளுக்கான முழுமையான வழிகாட்டி

ராக்கெட்டின் நுனியில் செயற்கைக்கோளை மூடியிருக்கும், இரு பாதிகளை நீளவாட்டில் இணைத்த கூடுதான் வெப்பக் கவசம். 3.2 மீட்டர் விட்டமுள்ள ஒரு கவசத்தை எடுத்துக்கொள்வோம். பி.எஸ்.எல்.வி.யின் கவசமும் இதே விட்டம்தான். அதற்குள் 50 கனமீட்டர் காலியிடம் இருந்தால், ஏவுதளத்தில் நிற்கும்போது உள்ளே அடைந்திருக்கும் காற்றின் எடை சுமார் 60 கிலோ. ராக்கெட் 30 கிலோமீட்டர் உயரத்தைத் தொடும்போது வெளியே அழுத்தம் தரைமட்ட அளவில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதற்குள் அந்த 60 கிலோவில் முக்கால் கிலோ தவிர மீதியெல்லாம் வெளியே போயிருக்க வேண்டும். கிடைக்கும் நேரம் ஒன்றரை நிமிடம் போல.

காற்று சரியாக வெளியேறாவிட்டால் என்ன ஆகும்? 1 கிலோபாஸ்கல் என்பது ஒவ்வொரு சதுரமீட்டரிலும் சுமார் 100 கிலோ எடை ஏறி உட்கார்ந்த மாதிரி. கவசத்தின் உருளைப் பகுதி 5 மீட்டர் நீளம் என்றால், இரு பாதிகளையும் பிரிக்கப் பார்க்கும் விசை செயல்படும் பரப்பு 3.2 × 5 = 16 சதுரமீட்டர். உள்ளே வெறும் 5 கிலோபாஸ்கல் அதிகம் இருந்தாலே, தையல் போட்டதுபோல் இருக்கும் அந்த நீளவாட்டு இணைப்பை 8 டன் இழுக்கும். ஒரு கார் டயரில் இருப்பது இதைப்போல நாற்பது மடங்கு அழுத்தம். ஆனால் டயர் அதற்காகவே செய்தது, கவசம் அப்படியல்ல.

துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைத்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள். அது இரண்டாவது கேள்வி. துளை எங்கே இருக்கிறது, நாம் போடாத துளைகள் எங்கெங்கே இருக்கின்றன என்பவைதான் முதல் கேள்விகள்.

படி 1: அறைகளைப் பட்டியலிடுங்கள்

வெப்பக் கவசம் மட்டும் அறையல்ல. செயற்கைக்கோளைத் தாங்கும் அடாப்டரின் உட்புறம், மின்னணுப் பெட்டிகள் இருக்கும் கருவி அறை, இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள இன்டர்ஸ்டேஜ், இரு எரிபொருள் தொட்டிகளுக்கு இடைப்பட்ட வளையம், பக்கவாட்டு பூஸ்டர்களின் கூம்பு முனைகள், உடலோடு ஒட்டி நீளமாக ஓடும் கேபிள் சுரங்கங்கள் எல்லாம் தனித்தனி அறைகள். கேபிள் சுரங்கத்தை யாரும் அறையாக நினைப்பதில்லை. அதனாலேயே அது ஆபத்தானது.

ஒவ்வொரு அறைக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: காலியிடத்தின் கனஅளவு, வேண்டுமென்றே போட்ட துளைகளின் பரப்பு, கசிவு வழிகளின் மதிப்பீடு, பக்கத்து அறையோடு உள்ள தொடர்பு. கனஅளவில் ஒரு சூட்சுமம் உண்டு. சின்ன செயற்கைக்கோள் போகும் பயணத்தில் காலியிடம் அதிகம், ஆகவே வெளியேற வேண்டிய காற்றும் அதிகம். பெரிய செயற்கைக்கோள் போனால் காற்று குறைவு, ஆனால் கோளுக்கும் கவசச் சுவருக்கும் இடையே இருக்கும் இடுக்கு குறுகி, மேல்பகுதிக் காற்று கீழே உள்ள துளைக்கு வரத் திணறும். இரண்டையும் கணக்குப் போட வேண்டும்.

படி 2: வெளி அழுத்தம் எப்படி விழுகிறது என்று வரையுங்கள்

திட்ட வளிமண்டலத்தில், அதாவது கணக்குக்காக எல்லோரும் ஒப்புக்கொண்ட சராசரி வளிமண்டலத்தில், தரைமட்டத்தில் 101.3 கிலோபாஸ்கல். 5 கிலோமீட்டரில் 54, 10-ல் 26.5, 15-ல் 12.1, 20-ல் 5.5, 30-ல் 1.2. அழுத்தம் விழும் வேகத்தைக் கண்டுபிடிக்கக் குறுக்குவழி ஒன்று இருக்கிறது: அந்த உயரத்துக் காற்றின் அடர்த்தி × 9.8 × செங்குத்து வேகம். 8 கிலோமீட்டரில் அடர்த்தி கனமீட்டருக்கு 0.525 கிலோ, செங்குத்து வேகம் விநாடிக்கு 290 மீட்டர் என்றால், விநாடிக்கு சுமார் 1.5 கிலோபாஸ்கல். திட எரிபொருள் முதல் கட்டம் உள்ள ராக்கெட் தரையை விட்டதும் விருட்டென்று வேகமெடுப்பதால், அடர்த்தியான காற்றில் இருக்கும்போதே இந்த எண் ஏறிவிடும்.

சராசரிப் பாதையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மோட்டார் எதிர்பார்த்ததைவிடச் சூடாக எரிந்து, ராக்கெட் வேகமாக ஏறும் மிக மோசமான பாதைதான் வென்ட் கணக்குக்கு அளவுகோல்.

படி 3: துளைக்கு இடம் பாருங்கள்

துளை பார்ப்பது வளிமண்டல அழுத்தத்தை அல்ல, அந்த இடத்தில் உடலின் தோலை உரசிப்போகும் காற்றின் அழுத்தத்தை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் = அழுத்தக் கெழு × இயக்க அழுத்தம். பாயும் காற்று தன் வேகத்தால் முட்டித் தருவது இயக்க அழுத்தம்; அதில் எத்தனை பங்கு அந்த இடத்தில் கூடுகிறது அல்லது குறைகிறது என்பது அழுத்தக் கெழு. 8 கிலோமீட்டரில் ஒலிவேகம் விநாடிக்கு 308 மீட்டர். அங்கே மாக் 1-ல், அதாவது ஒலிவேகத்தில், இயக்க அழுத்தம் சுமார் 25 கிலோபாஸ்கல். கெழு மைனஸ் 0.1 உள்ள இடத்தில் துளை போட்டால், அறை தன் பாட்டுக்கு வளிமண்டலத்தைவிட 2.5 கிலோபாஸ்கல் குறைவாக நிற்கும். துளையை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது மாறாது.

கூம்பும் உருளையும் சேரும் தோள்பட்டைதான் மிக மோசமான இடம். ஒலிவேகத்தை நெருங்கும்போது அங்கே காற்று சட்டென்று விரிந்து அழுத்தம் பாதாளத்துக்குப் போகும். அதன் பின்னால் ஓர் அதிர்ச்சி அலை நிற்கும். வேகம் கூடக்கூட அந்த அலை பின்னோக்கி நகர்ந்து துளையைக் கடந்துபோகும். அந்த நொடியில் கெழு 0.2 மாறினாலும், 25 கிலோபாஸ்கலில் அது 5 கிலோபாஸ்கல். இரண்டு விநாடியில் நடந்தால் விநாடிக்கு 2.5. ஏற்கெனவே இருக்கும் 1.5-ஐக் கூட்டினால் 4.

உண்மையான ராக்கெட்டுகளின் எண்களும் இதையே சொல்கின்றன. ஏரியான் 5 தன் வாடிக்கையாளர்களுக்குத் தந்த கையேட்டில் கவசத்துக்குள் அழுத்தம் விழும் வேகம் விநாடிக்கு 2 கிலோபாஸ்கலைத் தாண்டாது என்கிறது. 50-ஆவது விநாடி வாக்கில் மட்டும், இரண்டு விநாடிக்கும் குறைவாக, 4.5 வரை போகலாம். ஃபால்கன் 9 கையேட்டில் 2.8, ஒலிவேகம் தாண்டும் நேரத்துக் குத்தலுக்கு, அதாவது அந்தச் சட்டென்ற ஏற்றத்துக்கு, 4.5. ஆகவே செயற்கைக்கோள் செய்பவர் கேட்க வேண்டியது சராசரியை அல்ல, அந்தக் குத்தல் எண்ணை.

நல்ல இடம் என்பது உருளைப் பகுதியில் தோள்பட்டையிலிருந்து தள்ளி, கெழு பூஜ்யத்தை ஒட்டிச் சற்றே மைனஸாக இருக்கும் பட்டை. பக்கத்தில் முன்னால் எந்தப் புடைப்பும் இருக்கக்கூடாது. புடைப்பு இருந்தால் அதற்கு முன்னே அழுத்தம் குவியும், பின்னே சுழல் வரும். துளைகளைச் சுற்றளவு முழுக்கச் சம இடைவெளியில் பரப்புங்கள். ராக்கெட் குறுக்குக் காற்றில் ஓரிரு டிகிரி சாய்ந்தாலே ஒரு பக்கம் அழுத்தம் கூடி மறுபக்கம் குறையும். துளையெல்லாம் ஒரே பக்கம் இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் அப்படியே அறைக்குள் வரும்.

படி 4: கையால் முதல் கணக்கு

அறைக்கும் துளைக்கு வெளியே உள்ள காற்றுக்கும் இடையே அழுத்த வித்தியாசம் சிறியதாக இருக்கும்வரை இது போதும்:

அழுத்த வித்தியாசம் = (கனஅளவு ÷ (வெளியேற்றக் கெழு × துளைப் பரப்பு))² × (அழுத்தம் விழும் வேகம்)² ÷ (2 × அறை அழுத்தம் × 83,000)

வெளியேற்றக் கெழு என்பது துளைப் பரப்பில் ஓட்டத்துக்கு உண்மையில் பயன்படும் பங்கு. 83,000 என்பது காற்றின் வாயு மாறிலி 287-ஐ 290 கெல்வினால் பெருக்கியது. உள்ளே நைட்ரஜன் நிரப்பியிருந்தால் 86,000 போடுங்கள். எல்லாம் மீட்டர், விநாடி, பாஸ்கலில்.

நம் 50 கனமீட்டர் அறைக்கு 12.6 சென்டிமீட்டர் விட்டத்தில் 8 துளைகள், மொத்தம் 0.1 சதுரமீட்டர். கூர்விளிம்புத் துளைக்கு வெளியேற்றக் கெழு 0.6. அறை அழுத்தம் 36 கிலோபாஸ்கல். வேகம் விநாடிக்கு 2 கிலோபாஸ்கல் என்றால் வித்தியாசம் சுமார் 465 பாஸ்கல். ஒன்றும் பயமில்லை. குத்தல் வரும்போது, அதாவது 4.5-ல், 2,350 பாஸ்கல். பரப்பைப் பாதியாக்கினால் இவை 1,860 என்றும் 9,400 என்றும் ஆகும். 9,400 பாஸ்கல் என்பது நம் நீளவாட்டு இணைப்பில் 15 டன்.

இரண்டு எண்களும் வர்க்கத்தில் ஏறுவதைக் கவனியுங்கள். எட்டுத் துளைகளில் நாலில் யாரோ ஒட்டிய டேப் கிழியாமல் நின்றுவிட்டால் சுமை இரு மடங்கல்ல, நாலு மடங்கு. துளையில் வலை போட்டிருந்தால் வலையின் திறந்த பரப்பை மட்டும் கணக்கில் எடுங்கள்.

சிறு பெட்டிகளுக்கு அமெரிக்க விண்வெளி ஓடக் காலத்திலிருந்து வரும் ஒரு கட்டைவிரல் விதி உண்டு: கனஅளவை வென்ட் பரப்பால் வகுத்தால் 2,000 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 50 மீட்டருக்குள் வந்தால், தனியாக ஆராய வேண்டாம். 5 லிட்டர் மின்னணுப் பெட்டிக்கு ஒரு சதுர சென்டிமீட்டர் துளை போதும் என்று அர்த்தம். பெரிய கவசத்தில் இந்த விதியைப் பிடித்துத் தொங்காதீர்கள். நம் எடுத்துக்காட்டில் அந்த விகிதம் 500 மீட்டர்.

படி 5: கணினியில் முழுக் கணக்கு

கைக்கணக்கு திசையைக் காட்டும், சான்றிதழ் தராது. முழுக் கணக்கில் ஒவ்வோர் அறைக்கும் நிறைச் சமன்பாடு எழுதி, 0.1 விநாடிக்கும் குறைவான இடைவெளியில் நகர்த்துங்கள். மூன்று இடங்களில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

முதலாவது, அடைப்பு நிலை. வெளி அழுத்தம் உள் அழுத்தத்தில் 0.528 பங்குக்குக் கீழே போனால் துளையில் காற்று ஒலிவேகத்தை எட்டிவிடும். அதற்குமேல் வெளியே எவ்வளவு வெற்றிடம் வந்தாலும் ஓட்டம் கூடாது. சிறு அழுத்த வித்தியாசச் சூத்திரத்தையே கடைசிவரை ஓட்டினால் காற்று நிஜத்தைவிட வேகமாகக் காலியாவதாகக் காட்டும்.

இரண்டாவது, வெளியேற்றக் கெழு. 0.6 என்பது வெளியே காற்று நின்றிருக்கும்போது கிடைக்கும் எண். துளைக்குக் குறுக்கே வெளிக்காற்று சீறிப் பாயும்போது, உள்ளிருந்து வரும் மெல்லிய ஓட்டத்தை அது மடக்கிப் போட்டுவிடும். வித்தியாசம் சிறியதாக இருக்கும்போது இந்தக் குறைவு அதிகம். நாசா 1970-ல் வெளியிட்ட அறைக் காற்றோட்ட வடிவமைப்பு வழிமுறையே இதைப் பேசுகிறது. குறுக்கோட்டச் சோதனை செய்ய வசதியில்லை என்றால் குறைந்த கெழுவை வைத்தும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, வெப்பநிலை. விரியும் காற்று குளிரும். சுவரிலிருந்து வெப்பமே வராது என்று வைத்தால், 300 கெல்வினில் இருந்த காற்று அழுத்தம் பாதியாகும்போது 246 கெல்வினுக்கு வந்துவிடும், அதாவது மைனஸ் 27 டிகிரி. நிஜத்தில் சுவர் கொஞ்சம் சூடு தரும். வெப்பநிலை மாறவில்லை என்று வைத்துப் போடும் கணக்கு, வெடிப்புச் சுமையை, அதாவது சுவரை வெளியே தள்ளும் சுமையை, ஏறக்குறைய இரு மடங்குவரை கூட்டிக் காட்டும். அது பாதுகாப்பான பக்கம். மேலே தந்த சூத்திரமும் அந்தப் பக்கம்தான்.

படி 6: கசிவைத் தேடுங்கள்

1973 மே 14 அன்று சாட்டர்ன் 5 ராக்கெட்டில் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் புறப்பட்டது. சுமார் 63-ஆவது விநாடியில், மாக் 1-ஐ ஒட்டி, அதன் விண்கல் காப்புத் தகடு பிய்த்துக்கொண்டு போனது. சுமார் 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகடு, நிலையத்தின் உடலோடு இறுக்கிச் சுற்றியிருந்தது. அதனடியில் கம்பிகள் செல்லும் ஒரு துணைச் சுரங்கம் நீளவாட்டில் ஓடியது.

விசாரணைக் குழு கண்ட காரணம் இதுதான். சுரங்கத்தின் பின்முனை முழுக்க அடைபட்டிருக்கும் என்று வைத்துத்தான் வென்ட் கணக்கு போடப்பட்டிருந்தது. செய்து முடித்த பொருளில் பின்முனை அடைபடவில்லை. அந்த இடைவெளிகள் வழியே காற்று உள்ளே புகுந்தது, சுரங்கத்துக்குள் அழுத்தம் வெளியைவிட ஏறியது, தகட்டின் முன்விளிம்பு தூக்கிக்கொண்டு சீறும் காற்றோட்டத்தில் மாட்டியது. பிறகு தகடு நிற்கவில்லை. போகிற போக்கில் ஒரு சூரியத் தகட்டுச் சிறகின் பிடியையும் தளர்த்திவிட்டுப் போனது, மற்றொன்றை உடைந்த பட்டை ஒன்றால் சிக்கவைத்தது. அடுத்த நாளே கிளம்ப வேண்டிய முதல் குழு மே 25 வரை காத்திருந்தது.

காற்றியக்கக்காரருக்கு அந்தப் பின்முனை அடைபட வேண்டியது எவ்வளவு முக்கியம் என்று தெரியும். கட்டமைப்பு வரைந்தவருக்கும் பட்டறையில் பொருத்தியவருக்கும் அது போய்ச் சேரவில்லை. ஆகவே செய்ய வேண்டியவை:

வரைபடத்தில் «இங்கே அடைக்கப்படும்» என்று நீங்கள் நம்பும் ஒவ்வோர் இணைப்பையும் தனிப் பட்டியலாக்குங்கள். அந்த வரியைப் பொருத்தும் பட்டறையின் சோதனைத் தாளிலும் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு கசிவே இல்லை என்று ஒரு கணக்கு, எதிர்பார்க்கும் மிக அதிகக் கசிவோடு ஒரு கணக்கு, கசிவு முழுதும் அழுத்தம் அதிகமுள்ள முனையில் என்று ஒரு கணக்கு ஓட்டுங்கள். கசிவு எப்போதும் உதவிதான், கூடுதல் துளை மாதிரி என்று நினைப்பவர்கள் இந்த மூன்றாவது கணக்கைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

படி 7: சுமையை இரு திசையிலும் பாருங்கள்

அறைக்குள் அழுத்தம் ஒன்றுதான், வெளியே இடத்துக்கு இடம் வேறு. தோள்பட்டையில் தோல் வெளியே இழுபடும் அதே நொடியில், மூக்கு நுனியில் இயக்க அழுத்தம் முழுதும் உள்நோக்கி அழுத்தும். மெல்லிய ஓடுகள் வெளியே தள்ளும் சுமையை ஓரளவு தாங்கும், உள்ளே நசுக்கும் சுமைக்குச் சட்டென்று மடங்கிவிடும். ஆகவே பெரிய வெடிப்பு எண்ணைப் பார்த்துவிட்டு நசுக்கும் எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். அழுத்தம் குறைந்த இடத்தில் துளை போட்டு உள்ளே «நல்லாக் காலியாக்கிய» கவசம்தான் கூம்புப் பகுதியில் அதிகம் நசுங்கும்.

கட்டமைப்புக் குழுவுக்கு ஒரே ஓர் எண்ணைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பகுதிக்கும், ஒவ்வொரு விநாடிக்கும் உள்-வெளி வித்தியாசத்தைக் கொடுங்கள். மேல், கீழ் எல்லைகள் இரண்டும் வேண்டும்.

படி 8: ஏவுதளத்தில் நிற்கும் நேரம்

புறப்படும்வரை கவசத்துக்குள் உலர்ந்த குளிர்காற்றோ நைட்ரஜனோ ஊதிக்கொண்டே இருப்பார்கள். அதுவும் அதே துளைகள் வழியேதான் வெளியே வர வேண்டும். விநாடிக்கு 1 கிலோ ஊதினால் நம் 0.1 சதுரமீட்டரில் சுமார் 115 பாஸ்கல் ஏறும், 2 கிலோ ஊதினால் 460. புறப்படும் கணத்தில் இந்த ஆரம்ப அழுத்தத்தைக் கணக்கில் சேர்க்கவும்.

மழை, பூச்சி, ஈரக்காற்று உள்ளே வராமல் இருக்க ஒருவழி மடிப்புக் கதவுகளோ பிய்ந்துபோகும் மூடிகளோ போடுவது வழக்கம். மடிப்புக் கதவு திறக்க எத்தனை பாஸ்கல் வேண்டும், ஒன்று சிக்கினால் மீதி போதுமா என்பதை எழுதி வையுங்கள். கடற்கரை ஏவுதளங்களில் உப்புக் காற்று கீலில் படிந்து சிக்க வைப்பது சாதாரணம். மடிப்பே இல்லாத வெறும் துளை பல நேரம் மேல். விண்வெளி ஓடத்தில் 18 கதவுகள் மோட்டாரில் திறந்து மூடின, ஆனால் அது பூமிக்குத் திரும்பும்போதும் மூச்சுவிட வேண்டிய வண்டி. ஒருமுறை பறந்து முடியும் ராக்கெட்டுக்கு அந்தச் சிக்கல் தேவையில்லை.

படி 9: மறைந்திருக்கும் சின்ன அறைகள்

1964 நவம்பர் 5 அன்று செவ்வாய்க்குப் புறப்பட்ட மரைனர் 3 விண்கலத்தின் கண்ணாடியிழைக் கவசம் கழலவே இல்லை. கவசச் சுவர் தேன்கூடு அடுக்கால் ஆனது. வெளியே அழுத்தம் விழவும் சூடு ஏறவும், கூட்டுக் கண்ணறைகளில் அடைந்திருந்த காற்று உள்தோலை உரித்துத் தள்ளியது. உரிந்த தோல் கலத்தில் சிக்கிக்கொண்டது. அவசரமாக மக்னீசியத்தில் புதுக் கவசம் செய்து, அதே மாதம் 28-ஆம் தேதி மரைனர் 4-ஐ அனுப்பினார்கள். அது செவ்வாயைப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே தேன்கூட்டுப் பலகை என்றால் கண்ணறைச் சுவர்களில் ஊசித்துளை உள்ள வகைதானா, அந்தக் காற்றுக்குப் பலகையின் விளிம்பில் வழி இருக்கிறதா என்று கேளுங்கள். விளிம்பைப் பசையால் முழுக்க மூடிவிட்டால் துளையிட்ட கூடு வாங்கியதே வீண்.

செயற்கைக்கோளைச் சுற்றிய பலஅடுக்கு வெப்பப் போர்வை அடுத்தது. ஊசித்துளை இல்லாத வெளியடுக்கு, நாலு பக்கமும் டேப் ஒட்டிய ஓரம் என்றால் அது தலையணை மாதிரி உப்பும், ஆண்டெனாவிலோ சென்சாரிலோ உரசும். ஓரத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து விடுங்கள். திறந்த ஓரம் கண்ணாடி வில்லைகளைப் பார்க்காதபடி திருப்புங்கள், ஏனென்றால் காற்றோடு தூசும் வெளியே வரும். குருட்டுத் துளையில் இறங்கிய திருகுக்குக் கீழே கொஞ்சம் காற்று மாட்டிக்கொள்ளும். அதற்கு நடுவில் துளையிட்ட திருகு போடுவார்கள்.

உயர் மின்னழுத்தக் கருவிகளுக்கு வேறொரு வம்பு. காற்றில் மின்பொறி பாய்வதற்கான குறைந்தபட்ச மின்னழுத்தம் சுமார் 327 வோல்ட். 1 சென்டிமீட்டர் இடைவெளிக்கு அது நடப்பது 75 பாஸ்கல் வாக்கில், அதாவது வெளியே 50 கிலோமீட்டர் உயரத்து அழுத்தத்தில். ராக்கெட் அந்த உயரத்தைக் கடந்துபோய் வெகுநேரம் ஆனபிறகும், மெதுவாக மூச்சுவிடும் பெட்டிக்குள் அதே 75 பாஸ்கல் நிற்கலாம். சுவிட்ச் போடும் நேரத்தை உயரத்தை வைத்தல்ல, அந்தப் பெட்டி காலியாகும் நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

படி 10: சோதனையும் பறப்புத் தரவும்

தரையில் மூன்று வேலை. துளைகளை மூடிவிட்டு அறைக்குள் மெல்லிய அழுத்தம் ஏற்றி, எவ்வளவு ஊதினால் அது நிலைக்கிறது என்று பார்த்துக் கசிவுப் பரப்பைக் கண்டுபிடிப்பது. துளைகளைத் திறந்து, தெரிந்த ஓட்டத்தை அனுப்பி வெளியேற்றக் கெழுவை அளப்பது. பெட்டிகளையும் போர்வைகளையும் வேகமாகக் காற்றிழுக்கும் அறையில் வைத்து, குத்தல் உட்பட அதே அழுத்தக் கோட்டில் இறக்குவது.

பறப்பில் அளக்கும்போது முழு அழுத்த சென்சாரை மட்டும் நம்பாதீர்கள். 100 கிலோபாஸ்கல் வரை அளக்கும் சென்சாரில் அரை சதவீதப் பிழை என்றாலே 500 பாஸ்கல். நீங்கள் தேடும் வித்தியாசமே 465 தான். உள்ளுக்கும் வெளிக்கும் நேரடி வித்தியாசம் அளக்கும், 10 கிலோபாஸ்கல் எல்லையுள்ள சென்சாரை உருளையில் ஒன்றும் கூம்பில் ஒன்றுமாக வையுங்கள். குழாயைக் குட்டையாக வையுங்கள், நீண்ட குழாய் அந்த இரண்டு விநாடிக் குத்தலை மழுக்கிவிடும். தரவு வந்ததும் வித்தியாசம் கணித்ததைவிடக் குறைவாக இருந்தால் சந்தோஷப்பட்டுக் கோப்பை மூடிவிடாதீர்கள். எங்கோ நீங்கள் போடாத ஒரு துளை இருக்கலாம், அடுத்த ராக்கெட்டைப் பொருத்துவதற்குள் அதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.